மறுதேர்வுத் தேதி

கல்லூரியில் எது எரிந்தது, எது மிச்சம் என்று
ஓம்துர்மானில் கணக்கெடுப்பதற்குள்
ஏழாம் பதிவேட்டை மாவுச் சாக்கில் போட்டுக்கொண்டு
கிளம்பிவிட்டேன்.
மற்ற ஆறும் முதல்வர் அறையில் இருந்தன.
முதல்வர் அறை இப்போது இல்லை.

எழுத்தர் வேலை. பத்தொன்பது வருஷம்.
பாடம் நடத்தியவள் இல்லை நான்.
எங்கள் எண்களில் பூஜ்யம் வெறும் புள்ளி;
ஈ உட்கார்ந்து எழுந்தாலும்
மதிப்பெண் பத்து மடங்காகிவிடும்.
அந்தப் புள்ளிகளுக்குக் காவல் இருந்தவள்.

பேருந்தில் நாற்பது பேர், ஒரு ஆடு,
என் மடியில்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள்.
மேலே மறைப்புக்கு நாலு கிஸ்ரா ரொட்டி.

ஆறாவது செக்போஸ்ட்டில்
ஒருவன் சாக்கைக் கவிழ்த்தான்.
எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று கேட்காதீர்கள்.
பூட்ஸை வைத்துத்தான் சொல்ல முடியும்,
அவன் வெறுங்காலோடு இருந்தான்.

பதிவேட்டைத் திறந்தான்.
விரல் வரிசைகளில் இறங்கியது.
எழுத்துக்கூட்டிப் படிக்கிற விரல் இல்லை,
தேடுகிற விரல்.
நின்றது.
முஸம்மில் அபூஆக்லா, இரண்டாமாண்டு.
வேதியியல்: முப்பத்தெட்டு.

"நாற்பது ஆக்குங்கள்."

துப்பாக்கியைத் தோளுக்குத் தள்ளிவிட்டு
சட்டைப் பையில் தேடினான்.
பேனா வைத்திருந்தான்.

பேருந்தே என்னைப் பார்த்தது, ஆடு உட்பட.
இரண்டு மார்க்.
நாட்டையே அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்,
ஒரு எட்டைச் சுரண்டிவிட்டுப் புள்ளி வைத்தால்
குடியா முழுகிவிடும்?

தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் வாய்
பத்தொன்பது வருஷக் கவுன்ட்டர் ஜன்னலிலிருந்து பேசியது:
"அரியர் எழுது, மகனே.
தேதி இன்னும் அறிவிக்கவில்லை."

சிரித்தானா தெரியாது, முகத்தைத் துணி மூடியிருந்தது.
பதிவேட்டை உள்ளே வைத்தான். ரொட்டியை மேலே வைத்தான்.
நான் கட்டியதைவிட இறுக்கமாகச்
சாக்கின் வாயைக் கட்டிக் கொடுத்தான்.
ஒரு ரொட்டி குறைந்தது.
போகட்டும்.

போர்ட் சூடானில்
மீன் வியாபாரி விட்டுப்போன கிடங்கில் இருக்கிறேன்.
மின்சாரம் வரும்போதெல்லாம் போன் அடிக்கிறது.
கெய்ரோவிலிருந்து ரவ்யா,
உடற்கூறியலில் முதலிடம், ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறாள்.
கம்பாலாவில் மூன்று பேர், ஒரே போனில்.
அத்ரே முகாமிலிருந்து ஒரு தகப்பன்:
மார்க் வேண்டாம் அம்மா,
என் மகள் பெயர் அதில் இருக்கிறதா, படியுங்கள்.
படித்தேன்.
இன்னொரு தடவை என்றார்.

சான்றிதழ் எழுதிவிடலாம். முத்திரை?
இங்கே ஓர் அரசு, அங்கே ஓர் அரசு;
இரண்டு கல்வி அமைச்சர்களும்
பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுமுன்
ரப்பர் சீல் செய்துகொண்டார்கள்.
இதைக் குத்தினால் அங்கே துரோகி.
அதைக் குத்தினால் இங்கே.
எல்லைக்கு அப்பால் உள்ள குமாஸ்தாவோ
இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டுப்
பழைய சீல் கிடைக்குமா என்கிறானாம்.

ஆகவே வெள்ளைத் தாளில் எழுதுகிறேன்.
பெயர், பாடம், எண்.
கீழே: நான் பார்த்தேன், இஹ்சான் அப்துல்பாகி, எழுத்தர்.
இதைக் காட்டி ஒருத்திக்கு
எங்கோ இடம் கிடைத்தது என்கிறார்கள்.
பொய்யாகவும் இருக்கலாம்.

சில இரவுகளில் அந்தப் பக்கம் தானே திறந்துகொள்கிறது.
முப்பத்தெட்டுக்கு இடப்பக்கம்
மறுதேர்வுக்கான கட்டம், காலி.
இரண்டு இலக்கத்துக்குப் போதிய இடம்.
அவன் உயிரோடு இருக்கிறானா,
யாரையாவது கொன்றிருக்கிறானா,
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

வேதியியல் பேராசிரியர்
துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறார் என்று
நேற்று யாரோ சொன்னார்கள்.
வெயில் ஏறுமுன் போய்ப் பார்க்க வேண்டும்,
ஒரு கேள்வித்தாள் கேட்டு.