வேலையை விட்ட காரணம்

படிவத்தை இரண்டு பிரதி எடுத்தேன்.
ஒன்று பென்சிலுக்கு, ஒன்று பேனாவுக்கு.
"அடிச்சுத் திருத்துனா ஓரமா வச்சிருவாங்கண்ணே"
என்றாள் ஜெராக்ஸ் கடைப் பெண்,
ஸ்டேப்ளரைத் தட்டிக்கொண்டே.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம்.
மடியில் நிவேதிகாவின் பரீட்சை அட்டை,
கிளிப்புக்கு மேலே அவள் ஒட்டிய பட்டாம்பூச்சி.
அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள்
பெயர் எழுதியாயிற்று: ச. அர்த்தநாரி.
தந்தை சடையப்பன். வயது நாற்பத்து மூன்று.
விண்ணப்பிக்கும் பணி:
காபித் தோட்டத்தில் எடை எழுத்தர்.
சுலபமான கட்டங்கள்
மேடு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன.

முதல் கொண்டை ஊசியில் கல்வித் தகுதி சரிந்தது.
பத்தாம் வகுப்பு என்று எழுத வந்தேன்,
மகரத்துக்குப் புள்ளி வைக்கும் முன் பஸ் திரும்பி
'பத்தாம' என்று நின்றுவிட்டது.
பக்கத்து சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அனுபவத்துக்கு மூன்று கோடு.
'எடைமேடையில் பதினாறு வருடம்.'
எழுதிப் பார்த்தால் அது எதையும் சொல்லவில்லை.
மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்
ஜவ்வரிசி ஆலை வாசலை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?
அழித்தேன்.
தினம் நாற்பது லாரி மரவள்ளி, சீசனில் அறுபது.
பாரத்தோடு எடை, காலி வண்டி எடை, ரசீது.
கரண்ட் போன நாளில் கைக்கணக்கு.
ஒருநாளும் கணக்கு உதைத்ததில்லை.
மூன்று கோட்டுக்குள் அடங்கியது.
எனக்கே என்னை வேலைக்கு வைக்கலாம் போலிருந்தது.

பதினோராவது வளைவில்
இறங்கி வரும் லாரிக்கு வழிவிட்டு நின்றோம்.
அடுத்த கட்டம்:
முந்தைய வேலையை விட்டதற்கான காரணம்.
அகலம், என் கட்டைவிரல்.

சொந்தக் காரணம் என்று போடு,
எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றிருந்தாள் இளஞ்சியம்.
ஆலை மூடிவிட்டது என்று போடலாம்,
ஒரு போன் அடித்தால் முதலாளியே எடுப்பார்.
ஈர மண் என்று போடலாமா?

டன்னுக்கு முப்பது கிலோ மண் கழிவு போடச் சொன்னார்கள்.
மழைக்காலத்தில் சரி.
கிழங்கைத் தேய்த்தால்
விரலில் தூசிகூட ஒட்டாத பங்குனியிலும்.
நான்கு வருடம் போட்டேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை, கெங்கவல்லிக்காரர் ஒருவர்
ரசீதை வாங்கி நாலாக மடித்துப்
பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டார்.
சண்டை பிடித்திருந்தால்
இன்றைக்கும் கழித்துக்கொண்டிருப்பேன்.
மறுநாளிலிருந்து கழிக்கவில்லை.
பதினெட்டு நாள்தான்.
பத்தொன்பதாம் நாள் காலை
என் டிபன் கேரியர் வாட்ச்மேன் கையில் இருந்தது.

மலையேறியதும் ஏரிக்கரை டீக்கடை மேஜையை
கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்தேன்.
பேனா பிரதி.
பத்தாம் வகுப்புக்கு நிதானமாகப் புள்ளி வைத்தேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.
கட்டைவிரல் அகலத்தில் எழுதினேன்:
எடையில் உடன்பாடு இல்லை.
பேனாவை மூடினேன். திறந்தேன்.
பொடி எழுத்தில், அதன் கீழேயே:
அதற்கு முன் நான்கு வருடம் உடன்பட்டேன்.
கடைசி எழுத்து கோட்டில் இடித்தது. தாண்டவில்லை.

தோட்ட அலுவலகத்தில் ஓர் அம்மாள்
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
விரல் வைத்து வாசித்தார்.
அந்தக் கட்டத்தில் விரல் நின்றது.
மூலையிலிருந்த தராசின் மேல்
யாரோ மறந்துவிட்டுப் போன குடை
ஒரு கிலோவுக்கும் குறைவாக எதையோ காட்டிக்கொண்டிருந்தது.
அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க" என்றார்,
"கையெழுத்து எங்க?"

மேஜைக்காலில் நூலால் கட்டிய பேனா.
நூல் எட்டுகிற தூரத்துக்குக்
குனிந்து போட்டேன்.