எண்பது கிராம்

அக்கரைப்பற்று நீதிமன்றத்தின் பின்கட்டில்
வழக்குப் பொருள் அறைச் சாவி என்னிடம்.
கஞ்சா நிறுக்க ஒரு சின்னத் தராசு உண்டு.
கடதாசியையும் அதில்தான் நிறுக்கிறேன்,
பதிவேட்டில் நிறை என்றொரு கட்டம் இருப்பதால்.

முதலில் வந்தவை பதினாறு தாள்கள்.
போட்டோ கொப்பி.
சிவப்பு முத்திரை கறுப்பாய் விழுந்திருந்தது:
இரகசியம்.
எண்பது கிராம்.
முதலைமடுவில் எந்த மேய்ச்சல் தரை
எந்தக் கம்பனிக்கு என்ற பட்டியல்.
எடுத்தவள் பேரின்பமலர்,
பிரதேச செயலகம், காணிக் கிளை, ஊர் தம்பிலுவில்.
அண்ணன்மாருக்கு அங்கே எருமைப் பட்டி.
இரவு பதினொன்றுக்கு ஜீப் போனது.
பிள்ளையின் பால்மா டின்னுக்குள்ளும்
கைவிட்டுத் துழாவினார்களாம்.
விளக்கமறியல் பதினாலு நாள்.
மறுகா பதினாலு.
மறுகா பதினாலு.

எட்டு மாதம் கழித்து லொறியில் வந்தன
நான்கு பெட்டிகள்.
அமைச்சரின் இணைப்புச் செயலாளராய் இருந்தவரின்
அரிசி ஆலையில் கிடந்தவை.
மூலப் பிரதிகள்; சிவப்பு சிவப்பாகவே இருந்தது.
தாளெல்லாம் உமி.
இரண்டாவது பெட்டியில் எலியொன்று
குட்டி போட்டு வளர்த்துவிட்டுப் போயிருந்தது.
என் தராசு தாங்காது.
உரக்கடையில் இரவல் வாங்கி நிறுத்தேன்,
புழுக்கையும் சேர்த்து நாற்பத்தொரு கிலோ.

அவருக்கு ஜீப் போகவில்லை.
கடிதம் போனது, வசதியான ஒரு நாளில் வரும்படி.
மேலதிக அறிக்கையில் புதிதாய் ஒரு சொல்: கவனயீனம்.
நல்ல சொல்தான்.
எண்பது கிராமுக்கு அளவாயிருக்குமா என்று
யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

பிறகு ஆட்சி மாறியது.
சுவரொட்டிப் பசை காயமுன்
ஆலை வாசலில் ஜீப்.
கவனயீனத்தை வெட்டிவிட்டு
மேலே களவு என்று எழுதியிருந்தார்கள்.
நீதிமன்ற மதிலுக்கு வெளியே அவரின் ஆட்கள்
அரசியல் பழிவாங்கல் என்று கத்தினார்கள்.
பொய் என்று சொல்லமாட்டேன்.
போன வருடம் ஜீப் போகாததற்கு என்ன பேரோ
இந்த வருடம் போனதற்கும் அதே பேர்.

எண்பது கிராம் மட்டும் எந்த ஆட்சிக்கும் உறவில்லை.
இருபத்திரண்டாம் தவணைக்கு வந்தவள்
கம்பிக் கதவில் நின்று கேட்டாள்,
"நானா, எங்கட துண்டு
அந்தப் பட்டியல்ல இன்னும் கிடக்கா?"
"நான் வாசிக்கிறல்ல தங்கச்சி,
நிறுக்கிறது மட்டுந்தான்."

பொய்.
பதினோராம் தாள், மூன்றாம் வரி.
அங்கே மின்சார வேலி போட்டு ஆறு மாதம்.
பொத்துவில் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தால்
எவருக்கும் தெரிகிற இரகசியம்.

மார்கழியில் வருடாந்தக் கணக்கெடுப்பு.
பெட்டிகள் முப்பத்தொன்பது கிலோ.
இரண்டு கிலோ எங்கே என்று நான் கேட்கமுன்
'எலி' என்று மேலிடமே குறித்து அனுப்பியது.
எந்தத் தாள்களை எலி தேடித் தின்றதோ,
இந்த ஆட்சியில் யாரின் பேர் இருந்ததோ.

பதினாறு தாள்கள் மாரி ஈரம் குடித்து
எண்பத்து மூன்று.

மூன்று கிராம் எப்படிக் கூடியதென்று
ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரும்படி
எனக்குக் கடிதம் வந்திருக்கிறது.
கடிதத்தின் தலையிலும்
அதே சிவப்பு முத்திரை.
நிறுத்தேன்.
ஐந்து கிராம்.