நிரப்பாத கட்டங்கள்

என் வேலை கயிறு.
ஹியுமா தீவின் மேற்குக் கரை, ஏப்ரல்,
பாறை இடுக்குகளில் இன்னும் அழுக்குப் பனி.
ஒரு இழுப்பு என்றால் நலம்.
இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம் விடு.
மூன்று என்றால் வருகிறோம்.
நிறுத்தாமல் இழுத்தால்
எதையும் யோசிக்காதே, இழு.
படகில் உட்கார்ந்திருப்பதற்கும்
மதிப்பெண் உண்டு இங்கே.

கீழே மைமு.
வயது ஐம்பத்தொன்று.
இருபத்திரண்டு வருடமாகப் பாசி எண்ணுகிறவள்,
எல்லாம் வாளியில் வந்த பாசி,
வாரிக் கொட்டியது,
தலை எது கால் எது என்று தெரியாமல்
ஈரச் சாக்குபோல் மேசையில் கிடந்தது.
பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது
காரணம் என்ற இடத்தில்
‘அது நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதினாள்.
திருப்பி அனுப்பினார்கள்.
‘மாதிரி சேகரிப்பு’ என்று மாற்றிக் கொடுத்தாள்.

இதய மருத்துவர் அவளை மிதிவண்டியில் ஏற்றி
எங்கும் போகாமல்
பதினைந்து நிமிடம் ஓட்டவைத்தார்.
நீச்சல்குளத்தில் முகமூடியைக் கழற்றி, மாட்டி,
உள்ளே புகுந்த நீரை மூக்கால் ஊதித் தள்ளி,
மறுபடி கழற்றி.
வாழ்க்கை முழுதும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவளுக்கு
முதல் பாடமே
மூச்சைப் பிடிக்காதே.

இன்று ஆழம் தெரிந்துதான் காலை விட்டாள்.
ஒன்பது மீட்டர், மூன்று டிகிரி.
அரை மீட்டர்ச் சட்டத்தைப்
பத்து இடத்தில் வைத்து எண்ண வேண்டும்.
மணிக்கட்டில் பலகை, நூலில் கட்டிய பென்சில்.
நீர்மேல் எழுத்துதான் நிற்காது,
நீருக்குள் எழுதினால் நிற்கும்.

இருபத்தோராவது நிமிடம்.
இரண்டு குமிழித் தடங்களில் ஒன்று
திடீரென்று உலைபோல் கொதித்தது.
தாவெட்டின் காற்றுக்குழாய் வாயில் பனி அடைத்து
மூட முடியாமல் திறந்தே நின்றுவிட்டது.
குளிரால் தண்ணீர் கொதிப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
தேர்வாளன் இந்த்ரெக்,
மைமுவைவிடப் பதினேழு வயது சின்னவன்,
ஆக்ஸிஜன் பெட்டியைத் திறந்தான், பேசவில்லை.

கயிறு.
கயிறு.
பிறகு
ஒன்று, இரண்டு, மூன்று.
கடைக்காரர் சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல்
நிதானமாக.

தாவெட்டின் வாயில்
மைமுவின் மஞ்சள் குழாய்.
படகில் ஏறியதும் வாந்தி எடுத்தான்,
அப்புறம் சிரித்தான்,
அப்புறம் யாரிடமோ மன்னிப்புக் கேட்டான்.

பலகையில் ஏழு கட்டங்களில் எண்.
மூன்று வெள்ளை.
நான்தான் சொன்னேன்:
பதினான்கு, பதினாறு, பதினைந்து என்று போடேன்,
உனக்குத் தெரியாததா,
பெரும்பாலும் சரியாகத்தானே இருக்கும்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
விறைத்த விரல்களால் பென்சிலைத் துழாவி
மூன்று கட்டங்களிலும்
குறுக்கே கோடு போட்டாள்,
பக்கத்தில் நேரம் எழுதினாள்.

படிவத்தில் பதினேழாவது வரி,
கூட்டாளிக்குக் காற்று கொடுத்தல்: ஆம்.
இருபதாவது வரி,
பணி முடிந்தது:
இந்த்ரெக் பேனாவை எடுத்தான், வைத்தான், எடுத்தான்.
இல்லை.
செவ்வாய்க்கிழமை மறுபடி வா,
அந்த மூன்றுக்கு மட்டும்.

துறையில் தேநீர்க் குப்பியின் மூடியில்
கை சூடேற்றிக்கொண்டு
ஆறாவது கட்டத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.
இடுப்பு உயரம், என்றாள்,
பாறையில் ஒரு காசளவு பிடிப்பு,
அவ்வளவுதான்,
மற்றதெல்லாம் மேல்நோக்கி,
யாரோ மேலேயிருந்து
பிடித்துக்கொண்டிருப்பதுபோல்.

எனக்குப் பத்துக்கு எட்டு.
கயிற்றை மணிக்கட்டில் சுற்றக் கூடாது,
விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது,
அதற்கு இரண்டு போயிற்று.
எப்போது சுற்றினேன் என்று தெரியவில்லை.
தடம் மட்டும்
சனிக்கிழமை வரை இருந்தது.