நான்காவது மாடி, இடப்பக்கம்

சரகோசாவில் காலை ஒன்பதரைக்குப்
படியேறியது அரசு.
லிஃப்ட் பழுது.
அதற்கும் மூச்சு வாங்கியது.

முன்னால் நீதிமன்ற எழுத்தர் ஒப்துலியா,
பச்சைக் கோப்பை மார்போடு அணைத்தபடி.
பின்னால் சீருடையில் இரண்டு பையன்கள்;
இளையவன் கழுத்தில் சவரக் காயம்,
அதில் ஒட்டிய காகிதத் துணுக்கு.
வங்கி ஆளின் காலணி நேற்று வாங்கியது, கீச்சிட்டது.
கடைசியில் நான்,
துளைப்பானும் எண்ணெய்க் குப்பியுமாக.
எண்பத்தைந்து யூரோ. வரி தனி.

அதிகாரம் எங்கே பிறக்கிறது என்று
எத்தனையோ பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்.
அது நான்காவது மாடிக் கதவை
எதைக் கொண்டு திறக்கிறது என்று
எவரும் என்னிடம் கேட்டதில்லை.
கையெழுத்து திறக்காது. முத்திரை திறக்காது.
ஆறு மில்லிமீட்டர் கோபால்ட் முனை திறக்கும்.

பித்தளைப் பூட்டு. பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.
ஏழு வருடம் முன்னால் நானே பொருத்தியது.
"இனி நிம்மதியாகத் தூங்கலாம், ரெமெதியோஸ்" என்று சொல்லி
நாற்பது வாங்கினேன்.

வியாழக்கிழமைகளில் மதுக்கடையில் இதே பேச்சுதான்.
"எல்லாப் பூட்டையும் எப்ரோ ஆற்றில் எறி,"
என்பான் முடிதிருத்தும் ஃபெர்மின்,
"கதவைத் தட்டக் கற்றுக்கொள்வான் மனிதன்."
நோட்டரி அலுவலகக் காசில்தா குலுங்கிச் சிரிப்பாள்:
"கையில் சவரக்கத்தி வைத்துக்கொண்டு சொல்கிறான் பார்!
ஊர்க் கத்தியெல்லாம் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டினோம்,
அதற்குப் பெயர்தான் சட்டம்."
"அலமாரி யார் வீட்டில் இருக்கிறது?"
என்று மட்டும் கேட்பார் எலாதியோ,
உருக்காலையில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவர்.
பிறகு ஆலிவ் கொட்டையைத் தட்டில் துப்புவார்.

நான் வாயைத் திறப்பதில்லை.
இரண்டு குளிர்காலம் முன்பு
என் பழைய கணவன் கதவை உதைத்த இரவு
நான் ஃபெர்மினைக் கூப்பிடவில்லை.
ஒன்பது நிமிடத்தில் வந்தது அரசு.
படியில் அதன் பூட்ஸ் சத்தம்
கோடை மழைபோல் கேட்டது.

செங்கோல், கொடுங்கோல், திறவுகோல்.
நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்பது
நடுவில் பிடித்திருப்பவளுக்குத் தெரிவதில்லை.

விசையை அழுத்தினேன்.
முதல் ஊசி உடைந்தது. பித்தளைத் தூள்
வாசல் மிதியடிமேல் மஞ்சளாக விழுந்தது.
உள்ளே ஒரு குழந்தையின் குரல்:
"அம்மா, பல் டாக்டர் வந்திருக்கிறாரா?"

நிறுத்தினேன்.
"முனை உடைந்துவிட்டது," என்றேன்.
உடையவில்லை.
என் கையில் முழுசாக மினுங்கிக்கொண்டிருந்தது.
ஒப்துலியா அதைப் பார்த்தாள்.
நன்றாகவே பார்த்தாள்.
பிறகு பேனா மூடியைக் கழற்றி எழுதினாள்:
தொழில்நுட்பக் காரணம். ஒத்திவைப்பு.
"வேறு முனை கிடையாதா?" என்றான் வங்கி ஆள்.
"படியைப் பார்த்து இறங்குங்கள், ஐயா," என்றாள்.
இளைய போலீஸ்காரன் விட்ட மூச்சில்
கழுத்துக் காகிதம் உதிர்ந்தது.

அந்த வியாழக்கிழமை
மூவரும் என்னைத் தம் ஆள் என்றார்கள்.
கலகம் என்றான் ஃபெர்மின்.
முறைப்படி ஒத்திவைப்பு என்றாள் காசில்தா.
ஒரு நிமிட வேலைநிறுத்தம் என்றார் எலாதியோ,
அன்றைக்கு அவர் கொஞ்சம் கூடவே பேசினார்.
என் காப்பிக்கு நானே காசு கொடுத்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து
தெருவேலிலிருந்து புதிதாக வந்த ஒரு பூட்டுக்காரன்
என் கடைக்கு வந்தான். நல்ல பையன். கல்யாண மோதிரம் புதுசு.
ஆறு மில்லிமீட்டர் கோபால்ட் கேட்டான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அவனாகவே கேட்டான்:
"நான்காவது மாடி. லிஃப்ட் உண்டா?"

பழுது என்றேன்.
சில்லறையை
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தேன்.