முகம் இல்லாத பக்கம்

எரிக் லுண்டு துரைக்கு ரணவைத்தியம் தொழில்.
கோட்டைச் சிப்பாய்களின் சீழைக் கீறியது போக
மிச்ச நேரத்தில் பிராணிகளை எழுதினார்.
நான் நாத்தான், பொறையாற்றுக் கணக்கன் மகன்.
அவர் கேட்பதைத் தமிழில் கேட்டு
வந்த பதிலை அவர் பாஷையில் சொல்ல
மாதம் மூன்று பணம் சம்பளம்.

கடைமடைக்கு ஆடித் தண்ணீர் வந்த வாரம்
வரப்புப் பொந்துகள் நிரம்பி
உள்ளே இருந்ததெல்லாம் மேலே ஏறும்.
வலையர் சேந்தன் கோணியோடு அலைவார்.
கீரி, உடும்பு, காட்டுப்பூனை,
உப்பனாற்று நீர்நாய் ஒன்று, குட்டியோடு.

நீர்நாய் என்றதும்
துரை நாய்களின் பக்கத்தைத் திருப்பினார்.
நாயில்லை என்றேன்.
நாய் என்றுதானே சொன்னாய் என்றார்.
தொட்டியிலிருந்து எட்டி அது
அவர் கட்டைவிரலைக் கடித்த பிறகு
தனிப் பக்கம் கொடுத்தார்.

கோடிக்கரையிலிருந்து வெளிமான் வந்தது,
தோணியில் இரண்டு இரவு, செத்தபடி.
கண் சுருங்கிக் குழி விழுந்திருந்தது.
துரை தன் ஊர் ஆட்டின் கண்ணை
நினைவிலிருந்து எடுத்து வைத்து வரைந்தார்.
கறுத்த முதுகும் முறுக்குக் கொம்பும் சரிதான்.
ஆனால் படத்தில் அந்த மான்
எதிரே பனி பெய்வதைப் போலப் பார்க்கிறது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வரி:
'தரங்கம்பாடியில் என்னால் கண்டுபிடிக்கப்பட்டது.'
அதைச் சேந்தனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.
"காணாமப் போயிருந்துச்சா?" என்றார்.
என்ன சிரிப்பு என்று கேட்டார் துரை.
பல்வலி என்றேன்.

ஐப்பசி அடைமழையில் அலங்கு வந்தது.
பனங்காட்டுப் புற்றடியில் அகப்பட்டதாம்.
கோணியை அவிழ்த்துக் கவிழ்த்தார் சேந்தன்.
மேசைமேல் ஒரு பந்து உருண்டது,
ஓடு வேய்ந்த பந்து.
துரை விளக்கைக் கிட்ட வைத்தார்.
தண்ணீர் தெளித்தார். குச்சியால் நெம்பினார்.
குச்சி முறிந்தது.

எத்தனை பல்?
"பல்லே கிடையாது."
என்ன உபயோகம்?
அந்தக் கட்டத்தைக் காலியாக விடமாட்டார் துரை.
"எறும்பைக் கேக்கச் சொல்லு."
முகம் எப்படி இருக்கும்?
சேந்தன் உள்ளங்கையைக் குவித்து
மெல்ல முன்னால் நீட்டினார்,
பாதியில் மடக்கிக்கொண்டார்.
"வெளிச்சத்துல காட்டாது."

நடுச்சாமம் வரை பந்தையே வரைந்தார் துரை.
செதில்களை எண்ணி எண்ணி,
நிழலுக்குக் கரி தொட்டு.
விடிந்ததும் அறுத்துப் பார்க்கலாம் என்று
கத்தியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுத்
தூங்கப் போனார்.

எண்ணெய் வீணாகிறதே என்று விளக்கை அணைத்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.
இருட்டில் ஒரு சத்தம்,
குதிரில் நெல் சரிவதுபோல.
பிறகு மின்னல்.
நீண்ட மூக்கு. புளியங்கொட்டைக் கண் இரண்டு.
எங்களைப் பார்க்கவில்லை அது.
கதவிடுக்கில் நுழைந்த ஈரத்தை
முகர்ந்துகொண்டிருந்தது.
சேந்தன் என்னைப் பார்த்தார்,
நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

கதவு எப்படித் திறந்தது என்று காலையில் விசாரணை.
காற்று என்றேன்.
ஐப்பசியில் எந்தப் பழியையும்
காற்றின் மேல் போடலாம்.
ஓடிப்போனதற்குக் கூலி இல்லை என்றார் துரை.
என் சம்பளத்தில் ஒரு பணம் குறைந்தது,
சேந்தன் மடியில் ஏறியது.

மாசியில் துரையைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.
புத்தகத்தை நான்தான் நகலெடுத்து முடித்தேன்.
அலங்கின் பக்கத்தில் ஒரு பந்து,
அதன் கீழே அதே வரி,
என் கையெழுத்தில்.

கப்பலேற்றப் பெட்டிக்கு ஆணியடித்தபோது
ஓரமாக நின்றிருந்த சேந்தன்
உள்ளே எத்தனை பிராணி என்று கேட்டார்.
நாற்பத்தொன்று என்றேன்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.
"நாப்பதுதான்" என்றார்.