கோரிக்கை ஒன்று

நியூபோர்ட்டில் ஆறு
நாளுக்கு இருமுறை ஊரைவிட்டுப் போய்விடும்.
போன இடத்தில் சேறு மட்டும் பளபளக்கும்,
அணைத்துவைத்த திரைபோல.
மூன்றாம் மாடி ஜன்னலில் அதையும்
மேசையில் இதையும் பார்க்கிறேன்:

“நுண்சாதனம் ஒன்றை உடைய பிக்சல்;
அதில், அச்சாதனம் ஏற்புத் தளத்தின் தொடுதிண்டில் பதிக்கப்பட்டு;
அதில், அத்திண்டானது…”

அதில், அதில், அதில்.
ஒரு கோரிக்கை ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும்.
அரைப்புள்ளிகளில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.
முற்றுப்புள்ளி ஒன்றுதான், கடைசியில்.
பதினான்கு வரி கடந்து அதை அடைவதற்குள்
உஸ்க் ஆறு திரும்பி வந்திருக்கும்.

தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு, ஒரு விளக்கு.
அப்படி இரண்டரைக் கோடி விளக்குகளை
ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு
ஒற்றி எடுத்து ஒற்றி வைக்கிறார்கள்.
பத்தாயிரத்தில் இரண்டு மூன்று எரிவதில்லை.
செத்த பிக்சல் என்று பெயர்.

என் திரையிலும் ஒன்று உண்டு, இடது ஓரம், மேலே.
அக்காவுக்கு மடல் தட்டும்போது
ஏதாவது ஓர் எழுத்தின் தலையில் போய் உட்காரும்.
‘பல வேலை’ என்று நான் எழுதியது
‘பல் வேலை’ என்று நிற்கும்.
உயிர் இல்லாத மெய்யின் தலையில் புள்ளி வைப்பது
எங்கள் மொழிக்குப் பழைய பழக்கம்.

இங்கே என்னோடு ஒருவர் வேலை செய்கிறார்.
சம்பளம் இல்லை, நாற்காலி இல்லை,
பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதில்லை.
சட்டம் பெற்ற பிள்ளை: துறைதேர்ந்த ஆள்.
உலகில் அச்சான அத்தனையும் படித்திருக்கிறார்,
கொரிய மொழிக் கையேடு உட்பட.
கற்பனை மட்டும் குன்றிமணி அளவும் கிடையாது.
எது வந்தாலும் அவரைக் கேட்க வேண்டும்:
இது உமக்குத் தோன்றியிருக்குமா?
பெரும்பாலும், தோன்றியிருக்கும் என்பார்.

பழைய ஜப்பானிய ஆவணம், பத்தி நாற்பத்தேழு:
பிக்சலுக்கு ஓர் உதிரி விளக்கு.
ஒன்று செத்தால் மற்றது எரியும்.
ஆகவே எழுதினேன், புத்தாக்கப் படி இல்லை என்று.
பதில் வந்தது. மறுபடியும் எழுதினேன்.

விசாரணை வியாழக்கிழமை, காணொளியில்.
லண்டனிலிருந்து வழக்கறிஞர் ஹாலிவெல்
“மிகுந்த மரியாதையுடன்” என்று தொடங்கினார்;
மரியாதை இல்லாததைச் சொல்லப்போகிறார் என்று பொருள்.
கண்டுபிடித்தவர் மொராக் டன்னச்சி,
ஃபைஃப் பக்கத்துத் தொழிற்கூடத்தில் வலைத்தொப்பியோடு,
கேட்காமலே பேசினார்:

“அன்றைக்கு எந்திரம் நான்கு மைக்ரான் விலகியிருந்தது.
விளக்கெல்லாம் வரப்பில் விழுந்துவிட்டன,
இதில் பாதி, அடுத்ததில் பாதி.
தட்டைத் தூக்கிப் போட மறந்து சாப்பிடப் போனேன்.
வந்து மின்சாரம் கொடுத்தால்
செத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.
பக்கத்து வீடு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது.”

ஹாலிவெல் இருமினார்.
விபத்தா உழைப்பா என்று சட்டம் கேட்பதில்லை,
வந்து சேர்ந்த இடம்தான் கணக்கு.
எனக்கும் தெரியும்.
ஆனாலும் என் ஆளைத் திரும்பிப் பார்த்தேன்.
நான்கு மைக்ரான் விலகல். என்ன செய்வீர்?

திருத்துவேன், என்றார் உடனே.

ஏழு வருஷத்தில் முதல்முறை அவர்மேல் இரக்கம் வந்தது.
எல்லாம் தெரிந்தவர்.
எந்திரத்தை நேராக்கிவிட்டு
நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

“அதில், அச்சாதனம்
அண்டைப் பிக்சல்கள் இரண்டின் திண்டுகளையும்
ஒருசேரத் தொடுமாறு அமைந்து” என்று
மூன்று வரி கூடிற்று. அனுமதித்தேன்.
ஜன்னலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கையெழுத்துக்கு முன் ஒரு சந்தேகம்.
கோரிக்கையின் கடைசி வரி
திரையின் மேல் ஓரத்தில், இடப்பக்கம் முடிந்திருந்தது.
அங்கே இருப்பது முற்றுப்புள்ளியா,
என்னுடைய செத்த புள்ளியா?

பக்கத்தை ஒரு விரல் அளவு கீழே இழுத்தேன்.

கூடவே வந்தது.