வைட்டமின் தட்டு

வண்ணார்பேட்டையில் பைபாஸ் திரும்பும் முனையில்
நான் நிற்கும் மருந்துக்கடை.
வருகிறவர் கண்ணுக்கு நேரே வைட்டமின் தட்டு.
ஆன்டி ஆக்சிடன்ட், முப்பது கேப்சூல்,
அறுநூற்று நாற்பது ரூபாய்.
மாதுளைப் படம் போட்ட பெட்டிதான்
கூடுதலாகப் போகிறது.

பேட்டை வெல்டர் நம்பிக்குட்டி கேட்டார்:
‘இது என்னவே செய்யும்?’
உள்ளே துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் என்றேன்.
கம்பெனிக்காரர் சொல்லித்தந்த வாக்கியம்.
‘கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடிக்கமாரி’
என்று அவராகவே முடித்து
வாங்கியும் போனார்.

என் பர்ஸில் ஓர் அட்டை.
லேமினேஷன் ஓரம் பிரிந்துவிட்டது.
மேலே, ஜி6பிடி குறைபாடு.
கீழே எனக்கு ஆகாத மாத்திரைகள்.
அதில் பலதும்
என் கையால் தினமும் வெட்டிக் கொடுப்பவை.

பத்தொன்பது வயதில் ஏதோ காய்ச்சல்,
யாரோ தந்த மாத்திரை, மூன்றாம் நாள்
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக் கழிப்பறையில்
கடுங்காப்பியாய்ப் போனது.
அது என் ரத்தம் என்று புரிய
ஒரு பகல் ஆனது.

டாக்டர் எமிமாள்
சீட்டின் பின்பக்கம் வட்டம் வரைந்தார்.
‘சிவப்பணு மூச்சைச் சுமக்கிற வண்டி.
சுமக்கிற சரக்கே அதை அரிக்கும்.
துடைச்சுவிட உள்ள ஒரு ஆள் உண்டு.
உங்க அம்மா வழியில, உனக்கு வந்த ஆள்
அரை நாள்தான் வேலைக்கு வருவான்.’

முழுநாள் ஆளைக் கடையில் வாங்கலாமே,
எங்களிடம் தட்டு நிறைய இருக்கிறதே என்றேன்.

பேனாவை மூடினார்.
‘ஈ கொடுத்துப் பாத்திருக்காங்க.
கொஞ்சம் நல்லதுன்னு சிலர், ஒண்ணுமில்லன்னு சிலர்.
சி-யை அளவு மீறி ஊசியில ஏத்தினா
உனக்கு அதுவே அரிக்கும்.
நெல்லிக்காய் தின்னு. ஊசி வேண்டாம்.’

இப்போது பாளையங்கோட்டையில்
நிறம் வெளுக்க ட்ரிப் ஏற்றுகிறார்கள்.
குளூட்டாதியோன், கூடவே சி.
கல்யாணத்துக்கு முன் ஐந்து தடவை.
என் அணுக்கள் பற்றாக்குறையில் ஓட்டுகிற சாமான்
அங்கே முகத்துக்கு.

தை மாசம் எனக்குக் கல்யாணம்.
அக்கா மரியபுஷ்பம் முன்பணமே கட்டிவிட்டாள்.
‘போட்டோவுல கறுத்துத் தெரிவலே.’
அட்டையைக் காட்டினேன்.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.
‘இது மாத்திரைக்குள்ளது.
அது வைட்டமின்தானலே?’

தான் என்ற அந்த ஓரெழுத்துத் தேய்ந்த சொல்லை வைத்தே
எங்கள் தட்டு முழுதும் விற்கிறது.
முன்பணம் திரும்பவில்லை.
கறுத்தே நிற்பேன்.

நேற்று நம்பிக்குட்டி இரண்டாவது பெட்டிக்கு வந்தார்.
‘நீரு இதுல எதவே சாப்பிடுதீரு?’
எது ஆகாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி,
அம்புட்டுதான் என்றேன்.
அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
விரல் நகத்தில் ரெட் ஆக்சைடு.
கேட்டதா தெரியவில்லை.